மன்றோ கேட்ட கணக்கு



‘மாவட்ட ஆவணங்களும் பள்ளிக்கூடங்களும்’ என்று எனக்குத் தலைப்பு. அதைக் கேட்டதுமே பின்வரிசையில் இரண்டு பேர் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். உட்காருங்கள் அய்யா, கதை இருக்கிறது!

1822. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ. உன் ஜில்லாவில் பள்ளிக்கூடம் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, என்ன சாதி என்று கலெக்டர்களுக்கெல்லாம் ஓலை போகிறது. திருநெல்வேலி, சேலம், கோயம்புத்தூர், தென்னார்க்காடு என்று பதில் வந்து சேரவே வருடக்கணக்காயிற்று. கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பள்ளிக்கூடங்கள்! 1,88,000 பிள்ளைகள்! வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு எழுத்தே தெரிந்தது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே சில நண்பர்கள்... பெயர் சொல்ல மாட்டேன், போஸ்டரில் பெரிதாகவே இருக்கும்... அவர்கள் ஒருநாள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறட்டும்!

தட்டுங்கள், தட்டுங்கள். அடுத்த வரிக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அதே கணக்கில் பெண் பிள்ளைகள் ஐயாயிரம்கூட இல்லை. பொற்காலம், பொற்காலம் என்று உருகுகிற இன்னொரு கூட்டம் இந்த வரி வந்தால் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறது. என்ன, இப்போது கைதட்டலையே காணோம்?

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் வேறு. அந்தத் திண்ணை வாத்தியார்! கலெக்டர்கள் பெயர் இருக்கிறது, கவர்னர் பெயர் இருக்கிறது. பாடம் சொன்னவன் பெயர் எங்கே? எழும்பூரில் அனாதைப் பையன்களுக்குப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித்தருகிற முறையை, நம்ம சட்டாம்பிள்ளையை, சீமைக்குக் கொண்டுபோய் 1797-இல் புத்தகமே போட்டார். அங்கே அதற்கு ‘மதராஸ் முறை’ என்று பெயர். பெல்லுக்குப் புகழ். மணலைப் பரப்பி வைத்த வாத்தியாருக்கு? ஒரு வரி கிடையாது!

சரி, அது வெள்ளைக்காரன் விட்டது. நாம் என்ன கிழித்தோம்? 1956-இல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார், பிள்ளைகள் குவிந்தார்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுகாதைத் தொட்டவனுக்கெல்லாம் ஹெட்மாஸ்டரே சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி போட்டார். இந்தக் கூட்டத்தில் ஜூன் மாதம் பிறந்தவர்கள் கை தூக்குங்கள்! பார்த்தீர்களா, பாதி ஊர்! பெற்ற தாய்க்கே தெரியாத தேதி அய்யா அது!

சிரித்தது போதும். அந்தச் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் அப்பா பெயர் இருக்கிறது, தாத்தா பார்த்த தொழில் இருக்கிறது, எந்த வகுப்போடு யார் நின்றார்கள் என்பது இருக்கிறது. வாத்தியார் கையெழுத்தும் இருக்கிறது! அதைக் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்காரர் தராசில் ஏற்றியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள், வயிறு எரிகிறது.

கூட்டத் தலைவர் சீட்டு அனுப்புகிறார், நேரமாயிற்றாம். ஒரே ஒரு தீர்மானம் மட்டும்: நம் மாவட்டத்தில் இனி ஒரு பள்ளிப் பதிவேடும் எடைக்குப் போகக் கூடாது. நான் முன்மொழிகிறேன். வழிமொழிய யார் வருகிறீர்கள்?