விண்ணில் தேயும் சூரிய மின்கலம்



புயல் வருமுன் நம்மை எச்சரிக்கத் துணைநிற்கும் செயற்கைக் கோள்கள் சூரிய மின்கலங்களைக் கொண்டே இயங்குகின்றன. விண்ணில் விரையும் எலெக்ட்ரான், புரோட்டான் துகள்கள் மின்கலத்தின் அணுக்களை இடம் பெயர்க்கின்றன. வாய்க்கால் கரையில் எலிவளை விழுந்தால் நீர் கடைமடையை எட்டாதது போல, அப்பழுதுகளில் மின்னூட்டம் சிக்கி வீணாகிறது.

1962 ஜூலை 9-இல் அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. அதனால் பெருகிய எலெக்ட்ரான்கள் பிரிட்டனின் ஏரியல்-1 கோளின் மின்கலங்களைப் பழுதாக்கின. அமெரிக்காவின் டிரான்சிட்-4பி, டிராக் ஆகிய கோள்களும் ஆகஸ்டிலேயே வாயடைத்தன. வெடித்தவர் உடைமையும் தப்பவில்லை.

இதற்குக் காப்பு இரண்டு: கலத்தின்மேல் மெல்லிய கண்ணாடி போர்த்துதல், கடைசி ஆண்டின் தேவையைக் கணக்கிட்டு, தொடக்கத்திலேயே கூடுதல் கலங்களைப் பொருத்துதல்.

நம் வயலின் சூரியப் பம்புசெட்டுக்கு இந்த அச்சம் இல்லை. புவியின் காந்தப் புலமும் காற்று மண்டலமும் காக்கின்றன. அங்கே தூசியே பகை. அதைத் துடைப்பது நம் கையில் உள்ளது. ஆயினும் முதல்நாள் வலிமையை மட்டும் நம்பாது, கடைசி நாள் தேவையையும் எண்ணித் திட்டமிடுதல் நம் ஊராட்சிப் பணிகளுக்கும் பொருந்தும்.