வேலி எங்கே இருக்க வேண்டும்?

களனியில் நாம் உலையில் போடும் அரிசியில் ஒரு பங்கு, யானை நடமாடும் ஊர்களில் விளைந்தது. "என் காணி, என் நெல். காக்க எனக்கு உரிமையில்லையா?" என்று கமக்காரர் கேட்கிறார். உரிமை உண்டு. ஆனால் யானையைக் கொல்வதை இலங்கையின் 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. கம்பியில் வீட்டு மின்சாரம் பாய்ச்சவும் கூடாது. அந்தக் கம்பி யானையையும் கொல்லும், விடியற்காலையில் வயலுக்கு வரும் அயலவரையும் கொல்லும்.

வழி என்ன? உயிரைக் கொல்லாத மின்வேலியைப் போட்டு, அதன் இடத்தை மாற்றுவது. பூனைக்குப் பயந்தால் பாற்சட்டியை மூடுவோம், பூனையைச் சுற்றி மதில் கட்டமாட்டோம். காட்டோரம் போட்ட வேலிகள் பலவற்றில் இரு பக்கமும் யானை நிற்கிறது. வயலைச் சுற்றி விதைப்பில் கட்டி, அறுவடையில் கழற்றும் வேலி கல்கமுவைப் பக்கம் பலன் தந்திருக்கிறது. பராமரிப்பு கமக்காரருக்குச் சுமைதானே என்பீர்கள். சுமைதான். அந்தச் செலவில் அரசும் பங்கெடுக்க வேண்டும்.