பதினாயிரம் அடிகள்

நாள்தோறும் பதினாயிரம் அடிகள் நடந்தாலன்றி உடல்நலம் வாய்க்காது என்று பலரும் நம்புகின்றனர். மணிக்கட்டுக் கடிகாரமும் அதனையே ஓயாது நினைவூட்டுகின்றது. இவ்வெண் மருத்துவ ஆய்வின் முடிவாகப் பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு மறு ஆண்டு, 1965இல், ஜப்பானிய நிறுவனமொன்று அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பெயர் ‘மான்போ-கேய்’; ‘பதினாயிரம் அடி அளவி’ என்பது பொருள். கடைப்பெயரே நாளடைவில் உடல்நல விதியாயிற்று.

2019இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, சராசரியாக 72 வயதுடைய 16,741 பெண்டிரை நோக்கிற்று. ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் அப்பயன் கூடவில்லை. இளையோர் இதனைச் சாக்காகக் கொள்ள வேண்டா!

கடிகாரத்தின் கணக்கோ தனிக்கதை. அது காலை அறியாது, கையசைவையே அறியும். தள்ளுவண்டியைப் பற்றி நடந்தால் பல அடிகள் விடுபடும். அமர்ந்து கைதட்டினால் சில அடிகள் சேரவுங்கூடும். இதனை நம்பி, முழங்கால் தேய்ந்த மூதாட்டியர் இருட்டிய பின்னும் கூடத்தில் நடந்து நடந்து எண்ணிக்கையை நிரப்புகின்றனர். மூட்டு வீங்கினாலும் கடிகாரத்தைக் கழற்ற மனம் வருவதில்லை. பேரப்பிள்ளைகள் அளித்த பரிசாயிற்றே. மருத்துவரைக் கேட்டு அந்த இலக்கைக் குறைத்து வைப்பது அப்பிள்ளைகளுக்கு ஒரு நிமிட வேலை.