முளைக்கத் தாமதிக்கும் பற்கள்

விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். எறிந்த குழந்தை அன்றே கண்ணாடியைத் தேடி ஓடும். மாதங்கள் பல சென்றும் புதுப்பல் தோன்றாவிடில், பெற்றோருக்குக் கவலை பிறக்கிறது. பள்ளித் தோழர்களோ 'பொக்கை வாய்' என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

பாற்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. ஆறு வயதளவில் தொடங்கி, கீழ் வெட்டுப்பற்கள், மேல் வெட்டுப்பற்கள் என முறையே முளைத்து, மேல் கோரைப்பல் பதினொன்று பன்னிரண்டு வயதில் வெளிவரும். இதில் ஓராண்டு முன்பின் ஆவது இயல்பே. வேர் பாதிக்குமேல் வளர்ந்த பிறகே பல் ஈற்றைக் கிழித்து மேலே வருகிறது. வலப்பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் இடப்பக்கத்து இணைப்பல் வரவில்லையெனில், அங்கே ஏதோ தடை உண்டென்று ஐயுற வேண்டும்.

தடைகள் பலவகை. சொத்தையினால் பாற்பல்லை மிக இளமையிலேயே பிடுங்கிவிட்டால், அவ்விடத்தே எலும்பும் தடித்த ஈறும் மூடிக்கொள்ளும். அண்டைப் பற்களும் சாய்ந்து வழியை அடைத்துவிடும். மேல் முன்பற்களுக்கு நடுவே மிகைப்பல் ஒன்று எலும்பினுள் மறைந்திருப்பதும் உண்டு. தைராய்டுச் சுரப்பி குன்றினாலும் பற்கள் பிந்தும். சிலருக்குப் பல்லின் முளையே உருவாகியிருக்காது. இவற்றை எக்ஸ்-கதிர்ப் படமே பிரித்துக் காட்டும்.

ஆறாம் வயதுக் கடைவாய்ப்பல்லைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். அது எந்தப் பாற்பல்லின் இடத்திலும் வருவதன்று. வரிசையின் கடைசியில் ஓசையின்றி முளைக்கிறது. அதனையும் பாற்பல் என்றெண்ணி, சொத்தையானாலும் 'விழுந்து முளைக்குமே' என்று வாளாவிருக்கிறோம். அது போனால் மறுபடி முளைக்காது.

பல்லைக் கொண்டு வயதறிந்த காலமும் ஒன்றிருந்தது. 1833-ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயது நிரம்பாத சிறுவரைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கலாகாதென விதித்தது. பிறப்புச் சான்று இல்லாத சிறுவரின் வயதை எங்ஙனம் அறிவது? உயரத்தைவிடப் பற்களே நம்பத்தக்க சான்று என எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் 1837-இல் நூல் எழுதினார். பல் பிந்திய சிறுவன் வயதில் இளையவனாகக் கருதப்பட்டிருப்பான். ஆலைக்குப் போகாதிருக்க அவனுக்கு அது நற்பேறே!

நெரவிச் சிறுவர்களுக்குக் காரைக்கால் அரசு பொது மருத்துவமனை அருகிலேயே உள்ளது. புதுச்சேரியில் பல் மருத்துவத்திற்கென்றே மகாத்மா காந்தி பட்டமேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது. மிகைப்பல்லை அகற்றினால், அடைபட்டிருந்த பல் பெரும்பாலும் தானே இறங்கும்; இறங்காவிடில் ஈற்றைத் திறந்து, மெல்லிய கம்பியால் சிறுகச் சிறுக இழுத்து வரிசையில் நிறுத்துவர். அதற்குச் சில மாதங்கள் ஆகும்.