வேப்பெண்ணெயின் குணமும் எல்லையும்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வாழும் எங்களுக்கு வேம்பு புதியதன்று. ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, சதை நீக்கி, கொட்டையை உலர்த்தி விற்பது ஏழை எளியோர்க்கு ஒரு சிறு வருவாய். அதனை வேப்பமுத்து என்பது எங்கள் வழக்கு. அம்முத்தைச் செக்கிலிட்டுப் பெறும் எண்ணெயைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இதன் பெரும்பகுதி ஓலியிக், லினோலியிக், பால்மிடிக், ஸ்டியரிக் ஆகிய அமிலங்களாலான சாதாரணக் கொழுப்பே. நாற்றத்திற்குக் கந்தகச் சேர்மங்கள் காரணம். கசப்பின் காரணத்தை ஆராய்ந்தவர் சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் அறிஞர். அவர் 1942இல் நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்னும் பொருள்களை இவ்வெண்ணெயிலிருந்து பிரித்தறிவித்தார். பூச்சிகளை அடக்கும் அசாடிராக்டின் 1968இல் விதையிலிருந்து பிரிக்கப்பட்டது. பாக்டீரியாக்கள் சிலவற்றையும் பூஞ்சைகள் பலவற்றையும் இவ்வெண்ணெய் தடுப்பதை ஆய்வுக்கூடங்கள் கண்டுள்ளன.

பூஞ்சையைத் தடுக்கும் இக்குணத்திற்கு 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் ஒரு வணிக நிறுவனத்திற்கும் உரிமை வழங்கியது. நம் உழவர் முன்னரே அறிந்த செய்தி எவ்வாறு புதுமையாகும் என்ற வழக்கு எழுந்தது. 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது.

ஆயினும், செக்கிலிருந்து வந்ததெல்லாம் நல்லெண்ணெய் ஆகிவிடாதது போல, வேம்பிலிருந்து வந்ததெல்லாம் நல்ல மருந்தாகிவிடாது. ஈரத்தோடு குவித்த முத்தில் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சும் சேரலாம். கொழுப்பு சிதைந்து அமிலத்தன்மை மிகும். பூஞ்சையை அடக்கும் எண்ணெயின் வித்தையே பூஞ்சை கெடுப்பது விந்தையே! கடும் வெயிலும் வெப்பமும் அசாடிராக்டினைச் சிதைக்கும். ஆதலின், சதையை நன்கு கழுவி, காற்றோட்டமுள்ள நிழலில் பரப்பி உலர்த்துதல் வேண்டும். காற்றுப் புகாத சாக்கிலன்றிக் கோணிப்பையில் சேமிப்பது நலம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லுவேன். ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி மாய்வது வேறு. குழந்தையின் வயிற்றுக்குள் எண்ணெய் செல்வது வேறு. மாந்தத்திற்கும் சளிக்கும் வேப்பெண்ணெயைச் சங்கில் புகட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. மலேசியாவில் இவ்வாறு புகட்டப்பட்ட சிசுக்கள் வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டு, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை 1981இல் லான்செட் என்னும் மருத்துவ இதழ் வெளியிட்டது. உயிரிழந்தவையும் உண்டு. அன்பினால் ஊட்டியதே நஞ்சாக முடிந்தது. தவறிப் புகட்டிவிட்டால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நெடுங்காலம் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியன் என்னும் உரிமையில் தாய்மார்களை வேண்டுகின்றேன். வேப்பெண்ணெய் விளக்கிலும் வயலிலும் பயன்படட்டும். சிசுவின் சங்கில் வேண்டா. முன்னோர் அறிவைப் போற்றுவதென்பது, அதன் எல்லையையும் அறிந்துகொள்வதே ஆகும்.