உலகு ஒழிந்தபின் ஒரு நகைப்பு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உலகம் அழிந்தபின் எஞ்சிய சிலர் பிழைத்த வரலாற்றைக் கூறும் புதினங்கள் மேனாட்டில் மிகப் பல. பெரும்பாலானவை அழவைப்பன. சிரிக்கவைக்கும் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம். அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் 1985-இல் வெளியிட்ட 'கலாபகஸ்' என்பது அதன் பெயர்.

ஊழியைத் தமிழரும் அறிவர். மணிமேகலையில், மகனைக் காணாத துயரால் சோழன் இந்திர விழாவை மறக்கின்றான். புகாரைக் கடல் கொள்கின்றது. நம் திருமலையிலோ, வெள்ளத்தில் ஆழ்ந்த நிலமகளை மீட்ட வராகரை வணங்கிய பின்னரே வேங்கடவனை வணங்குதல் மரபு. ஆயினும் ஊழியைக் கண்டு நகைத்தவர் நம்மிடையே அரியர்.

வானகட் நகைப்பதற்குக் காரணம் உண்டு. 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுமாரியில் எரிந்தபோது, போர்க் கைதியாகிய அவர் ஓர் இறைச்சிக் கூடத்தின் நிலவறையில் இருந்து உயிர் தப்பினார். ஒரு நகரமே சாம்பலானதைக் கண்டவர் சிரிக்கும்பொழுது, அதனைப் பொறுப்பற்ற சிரிப்பென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

கதை 1986-இல் ஈக்வடார் நாட்டுத் துறைமுகத்தில் தொடங்குகிறது. பணம் மதிப்பிழக்கிறது, பசி பரவுகிறது. உல்லாசப் பயணத்திற்கு அழைக்கப்பட்ட புகழாளர் எவரும் வரவில்லை. வந்து சேர்பவர் யார்? கணவனை இழந்த ஓர் ஆசிரியை, கைம்பெண்களை மணந்து பொருள் பறிக்கும் ஓர் எத்தன், கருவுற்ற ஜப்பானிய மங்கை, பார்வையற்ற ஒருத்தி, காட்டினத்துச் சிறுமியர் அறுவர், இவர்களுக்குக் கடல்வழி தெரியாத ஒரு கப்பல் தலைவன்! விரைவில் இறக்கவிருப்போர் பெயருக்கு முன்னே ஆசிரியர் உடுக்குறி இட்டுவிடுகின்றார். படிப்போர் திகைப்பதா, சிரிப்பதா?

கப்பல் ஆளில்லாத் தீவொன்றில் தட்டி நிற்கிறது. மற்ற மாந்தர் யாவரும் நோயால் மலடாகி மறைகின்றனர். இவர்தம் வழித்தோன்றல்களோ, பத்து இலட்சம் ஆண்டுகளில் சிறுமூளை கொண்ட நீர்வாழ் உயிர்களாகின்றனர். பெருமூளையே துன்பமனைத்திற்கும் வேர் என்பது ஆசிரியர் கட்சி. அதனை மெய்ப்பிக்க அவர் எவ்வளவு பெரிய மூளையைச் செலவிட்டிருக்கிறார் என்பதை நாம் மறக்கவில்லை.

கப்பலில் பன்மொழி பெயர்க்கும் கருவியொன்றும் உண்டு. அச்சிறுமியர் மொழி மட்டும் அதற்குத் தெரியாது! தமிழும் தெலுங்கும் கலந்து சித்தூர்க் கடைவீதியில் விலை பேசிப் பழகிய நமக்கு இவ்விடத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

அயலார் ஓரிடத்தில் அடைபடும் கதைக்கு நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. திருமலை வரிசை வளாகத்தில், அடியார்கள் 'கம்பார்ட்மெண்ட்' என வழங்கும் அறையைக் காண்க. முதல் நாழிகையில் முழங்கை இடிக்கும். முன் வந்தவர் எவர் என்ற வழக்கு நான்கு மொழிகளில் நடக்கும். நள்ளிரவில் கன்னடத்தார் குழந்தை தமிழர் மடியில் உறங்கும். நம் புளியோதரை மராட்டியர் கையில் இருக்கும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூனில்தான் மீண்டும் தொடங்கிற்று. அத்திங்கள்களில் அவ்வறைகள் வெறுமையாய்க் கிடந்தன. தெருவில் எதிர்ப்பட்ட அயலாரைக் கண்டு நாமும் ஒதுங்கி நடந்தோம். முகக்கவசத்துள் நம்மைக் கண்டு அவரும் ஒதுங்கினார்.

அந்த அறையை வைத்து, கதவு திறவாத ஓர் இரவை நகைச்சுவைப் புதினமாக்க நம் சங்கத்து இளைஞர் எவரேனும் முன்வருவாராயின், கைப்படியை முதலில் படிக்க நாம் காத்திருக்கின்றோம். உடுக்குறி மட்டும் வேண்டா.