ஆள் பிடிக்கிறவன் அந்நியனாக வருவதில்லை

(பெண்ணாடத்தில் தோழர்கள் கூட்டிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

பெரியபுராணத்தில் வரும் கலிக்கம்ப நாயனார் இந்தப் பெண்ணாடத்துக்காரர். அவரிடம் ஏவல் செய்துவந்து, அது பிடிக்காமல் விலகிப்போன ஒருவன் சிவனடியாராகத் திரும்பி வருகிறான். அவன் காலைக் கழுவக் குனிகிறார் நாயனார். தண்ணீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையை வெட்டுகிறார். பக்தி பேசுகிறவர்கள் பேசட்டும். நாம் இரண்டைப் பார்க்கணும். வெட்டுப்பட்டது பொம்பளை கை. வேலையை உதறிப் போனவனுக்கு மரியாதை கிடைக்க அடியார் வேடம் தேவைப்பட்டிருக்கு. வேடம் இல்லாமல் சூளையை விட்டு ஓடிவருகிற நம்ம ஜனங்களை வண்டி வைத்துத் தேடுகிறார்கள்.

ஆள் கடத்தல் என்றதும் முகமூடியும் சாக்குப்பையும் ஞாபகம் வருது. அது சினிமா. நம்ம சேரிக்குள் வருகிறவன் மாமா, சித்தப்பா என்று முறை வைத்துக் கூப்பிடுகிற மேஸ்திரி. சாவு விழுந்த வீட்டில், ஆஸ்பத்திரிச் செலவு வந்த வீட்டில் முன்பணத்தோடு முதல் ஆளாக நிற்பான்.

நான் வங்கி எழுத்தர். கடன் கேட்டு வருகிற நம்ம ஜனங்களை அலைய விடுகிற அமைப்பில் எனக்கும் நாற்காலி இருக்கு. வங்கி வாசல் மூடியிருப்பதால்தான் மேஸ்திரி வாசலுக்கு வருகிறான். வங்கிக் கடனுக்கு வட்டியும் தவணையும் காகிதத்தில் இருக்கும். இவன் கடனுக்கு முடிவு எங்கேயும் எழுதப்படுவதில்லை. நாங்கள் நகையை அடமானம் பிடிக்கிறோம், இவன் ஆளையே பிடிக்கிறான். ஒருநாள் ஒருவர் ஏழெட்டுப் பேருடைய பாஸ்புக்கைக் கொண்டுவந்து வரவு பதியச் சொன்னார். பதிந்து கொடுத்தேன். ‘இவங்கல்லாம் எங்கே?’ன்னு கேட்கலை. கேட்டிருக்கணும்.

என்னென்ன பார்க்கணும்? கூலியைச் சொல்லாமல் முன்பணத்தை மட்டும் சொல்கிறானா? சூளை எந்த ஊரில், முதலாளி யார் என்றால் மழுப்புகிறானா? பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்கிறானா? ஆதார், ரேஷன் அட்டையை ‘பத்திரமா வச்சிருக்கேன்’னு வாங்குறானா? கணக்கெல்லாம் கடைசியில்தான் என்கிறானா? போனவர்களோடு தனியாகப் பேச முடியுதா? சாவுக்கு வரக்கூட ஒருவரைப் பிணையாக நிறுத்தச் சொல்கிறார்களா?

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று நடந்ததே, அதுவும் இதுதான். 3 வருஷம் விடுதியில் தங்கி உழைத்தால் கல்யாணத்துக்கு 30,000, 50,000 மொத்தமாகத் தருவதாக ஏழைப் பெண்களைச் சேர்த்தார்கள். அதில் தலித் பெண்கள் ஏராளம். நடுவில் உடம்பு கெட்டு வெளியேறினால் அந்தத் தொகை கைக்கு வராது. 1961-லேயே வரதட்சணையைத் தடை செய்த நாட்டில், வரதட்சணையையே தூண்டில் ஆக்கினார்கள்.

‘சம்மதிச்சுத்தானே போனீங்க?’ என்று அதிகாரி கேட்பார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ம் பிரிவில், கடத்தப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடனே செல்லாது. கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மறுவாழ்வுப் பணத்துக்கு அலையணும். குழந்தைகள் என்றால் 1098-க்குப் பேசுங்கள்.

மாணவத் தோழர்களே, பொங்கல் முடிந்ததும் லாரி வரும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். யார் போறாங்க, யாரோட, எந்தச் சூளைக்கு, எவ்வளவு முன்பணம், லாரி நம்பர் என்ன, எல்லாத்தையும் எழுதுங்கள். மாசம் ஒருதரம் போன் போட்டு அவங்க குரலைக் கேளுங்கள். மேஸ்திரிகிட்ட ஒரு நோட்டு இருக்கு. நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கணும்.